மரம் மிஞ்சியது, வீச்சு போனது: மதுரைச் சீமையின் வளரி

1795ஆம் வருடம், பிப்ரவரி மாதம். காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறுவயலில் சின்ன மருதுவின் அரண்மனை. வாசலில் ஒரு காவலாளி கூடக் கிடையாது. வருகிறவர்கள் வருகிறார்கள், போகிறவர்கள் போகிறார்கள். மதுரைக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் சிவகங்கைச் சீமை முழுக்க அந்த மனிதரின் கண்ணசைவுக்குக் கட்டுப்பட்டது. ஆனாலும் அவரைப் பார்க்க யாரும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அப்படிப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் வெல்ஷ். கும்பெனிப் படையில் இளம் அதிகாரி, வயது இருபதை ஒட்டி இருக்கும்.

வெல்ஷுக்கு ஈட்டி எறியக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருதுதான். கூடவே இன்னொரு ஆயுதத்தையும் கற்றுக் கொடுத்தார். வளைந்த ஒரு தடி. நம் ஊரில் அதற்கு வளரி என்று பெயர்.

ஆறே வருடம். 1801இல் மருது சகோதரர்களைக் காடு காடாகத் துரத்திய படையில் அதே வெல்ஷ் இருந்தார். தன் பழைய வாத்தியார் தொடையில் காயத்தோடு பிடிபட்டதையும், சங்கிலியில் கிடந்ததையும், கடைசியில் சாதாரணக் குற்றவாளியைப் போலத் தூக்கில் தொங்கியதையும் அவர் வருத்தத்தோடு எழுதி வைத்திருக்கிறார். தூக்கு நடந்தது திருப்பத்தூரில், 1801 அக்டோபர் 24 அன்று. வெல்ஷின் நினைவுக் குறிப்புகள் லண்டனில் புத்தகமாக வந்தது 1830இல்.

இப்போது முக்கியமான விஷயம். சின்ன மருதுவிடம் நேரடியாக வளரி கற்று, அதை எழுத்திலும் பதிவு செய்த ஆள் என்றால் இந்த வெல்ஷ் ஒருவரைத்தான் கை காட்ட முடிகிறது. அவர் வளரியைப் பற்றி எவ்வளவு எழுதினார் தெரியுமா? கிட்டத்தட்ட ஒரே ஒரு வாக்கியம்! வேறு எங்கும் அதிகம் அறியப்படாத ஆயுதம், தேர்ந்த கையில் இருந்தால் நூறு கஜத்துக்குள் வைத்த குறி தப்பாது. அவ்வளவுதான். எந்த முனையைப் பிடிப்பது, விரல் எங்கே இருக்க வேண்டும், எத்தனை சுற்று சுற்றி எந்த நொடியில் விடுவது, கிடையாக விடுவதா சாய்த்து விடுவதா... ஒன்றும் இல்லை. இந்தக் கட்டுரை அந்த எழுதப்படாத பகுதியைப் பற்றியது.

முதலில் பொருளைப் பார்த்து விடுவோம். வளரி, வளைதடி, வளரித்தடி என்று பல பெயர்கள். பிறை வடிவம். ஒரு முனை ஒல்லி, அதுதான் பிடி. மறுமுனை அகலமாகவும் கனமாகவும் இருக்கும். பெரும்பாலும் மரம், சில சமயம் இரும்பு. தஞ்சை ஆயுதசாலையில் இருந்து வந்த யானைத் தந்த வளரிகள் எழும்பூர் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை வட்டாரத்தில் கள்ளர், மறவர் கைகளில் இது அதிகம் புழங்கியதால் வெள்ளைக்காரர்கள் 'கள்ளர் தடி' என்ற பொருளில் 'காலரி ஸ்டிக்' என்று எழுதினார்கள். 1886இல் வெளிவந்த ஹாப்ஸன் ஜாப்ஸன் அகராதியிலேயே இந்தச் சொல் ஏறி விட்டது.

உடனே எல்லோரும் கேட்கும் கேள்வி: இது பூமராங்தானே? எறிந்தால் திரும்பி வருமா?

வராது. பழைய வர்ணனைகளில் பல திரும்பி வருவதைப் பற்றிப் பேசவில்லை. குறியை அடித்து வீழ்த்துவதைத்தான் சொல்கின்றன. யோசித்துப் பாருங்கள், முயலின் காலை முறிக்கும் வேகத்தில் ஒரு கனத்த தடி உங்கள் முகத்தை நோக்கியே திரும்பி வந்தால் அதைப் பிடிக்க யார் நிற்பார்கள்? (இணையத்தில் உலவும் பல பதிவுகளில் எதிரியின் தலையைக் கொய்து விட்டு வீரனின் கைக்கே வளரி திரும்பி விடுகிறது. சினிமா எடுக்க நல்ல காட்சி!) ஆஸ்திரேலியப் பழங்குடிகள் வேட்டைக்கும் சண்டைக்கும் வைத்திருந்தவற்றிலும் பெரும்பாலானவை திரும்பாத வகைதான். திரும்புகிற வகை மெல்லியது, எடை குறைந்தது. சுழலும்போது மேல் பக்கக் கைக்கும் கீழ்ப் பக்கக் கைக்கும் காற்றுத் தூக்கல் வித்தியாசப்படும். அந்த வித்தியாசம்தான் அதன் பாதையை வட்டமாக வளைக்கிறது. வளரி அதற்கு நேர் எதிரான தேவைக்குச் செய்தது. கனம் ஒரு முனையில் குவிந்திருக்கும், பாதை முடிந்தவரை நேராக இருக்க வேண்டும். தட்டையான உடல் காற்றில் கொஞ்சம் மிதக்கும், சுழற்சி அதைக் கவிழாமல் நிறுத்தும். பம்பரம் சுற்றும்போது விழாமல் நிற்கிறதே, அதே பிசிக்ஸ். ஒரு நேரான உருட்டுக் கட்டையை அதே பலத்தோடு எறிந்து பார்த்தால் பாதித் தூரத்திலேயே தலைகுப்புற விழும்.

நூறு கஜம் என்பது சுமார் 91 மீட்டர். கிரிக்கெட்டில் பவுண்டரிக் கோட்டில் இருந்து விக்கெட் கீப்பர் கைக்கு எறிகிற தூரத்தை விடவும் அதிகம். அதுவும் குறி தப்பாமல்! வெல்ஷ் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். பாதியாகக் குறைத்துக் கொண்டாலும் அது பெரிய வித்தைதான்.

எறிதடி நமக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. 1922இல் திறக்கப்பட்ட எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறையில் எறிதடிகள் இருந்தன. குஜராத்தின் கோலி மக்களிடம் இதே போன்ற ஒன்று உண்டு. போலந்தில் ஒப்லாசோவா குகையில் மாமூத் தந்தத்தில் செய்த ஒன்று 1985இல் கிடைத்தது. அதன் வயது சுமார் 40,000 ஆண்டு என்று 2025இல் மறு ஆய்வு சொன்னது. ஆக வில் அம்பு பரவலாகும் முன்பே மனிதன் வளைந்த தடியை எறியப் பழகி விட்டான் என்று சொல்லலாம். உலகின் பெரும்பாலான இடங்களில் வில் வந்ததும் தடி ஒதுங்கியது. மதுரைச் சீமையில் வில் வந்த பிறகும், துப்பாக்கி வந்த பிறகும், தடி ஒதுங்காமல் நின்றது. ஏன்?

இதற்குப் பதில் வேண்டும் என்றால் இரண்டையும் செய்து பார்க்கிற கண்ணோடு பார்க்க வேண்டும்.

வில்லுக்கு உலகப் புகழ் பெற்ற ஒரு உதாரணம் எடுத்துக் கொள்வோம். வட அமெரிக்காவின் நடுவே இருக்கும் பெரும் புல்வெளிகளில் லகோட்டா, செயென், கோமான்சி போன்ற மக்கள் குதிரை மேல் இருந்து காட்டெருமை வேட்டையாடப் பயன்படுத்திய குட்டை வில். நீளம் ஒரு மீட்டரை ஒட்டி, கொஞ்சம் கூட இருக்கலாம். குதிரையின் கழுத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சட்டென்று மாற்ற வேண்டும், அதனால்தான் குட்டை. ஓசேஜ் ஆரஞ்சு என்கிற மரம் அதற்குப் பேர் போனது. பிரெஞ்சுக்காரர்கள் அந்த மரத்துக்கு வைத்த பெயரே 'வில் மரம்' என்ற பொருள் தருவது. மரம் மட்டும் போதாது. பல விற்களின் முதுகில் மிருகத்தின் தசைநாரைப் பசை வைத்து ஒட்டுவார்கள், இழுக்கும்போது மரம் பிளக்காமல் இருக்க. நாணும் தசைநாரை முறுக்கியது.

வில்லை விட அம்பு பெரிய வேலை. அம்பு நேராக இருந்தால் போதும் என்று நினைப்போம். போதாது. நாணை விட்டதும் அம்பு பாம்பு மாதிரி நெளிந்து வில்லின் உடலைச் சுற்றிக் கொண்டுதான் வெளியேறுகிறது. அந்த நெளிவு வில்லின் பலத்துக்குப் பொருந்த வேண்டும். விறைப்பு அதிகமானால் ஒரு பக்கம் போகும், குறைந்தால் மறுபக்கம் போகும். ஆகவே ஒருவனுடைய அம்புகள் எல்லாம் ஒரே தடிமன், ஒரே நீளம், ஒரே எடையில் இருக்க வேண்டும், அவனுடைய வில்லோடும் ஒத்துப் போக வேண்டும். குச்சியை வெட்டி, காய வைத்து, நெருப்பில் வாட்டி நிமிர்த்தி, இறகு கட்டி, முனை பொருத்தி... ஒரு தூணி நிறைய அம்பு என்பது பல வாரத்து உழைப்பு. எறிந்த அம்பைத் தேடிப் பொறுக்காமல் யாரும் வீடு திரும்ப மாட்டார்கள்.

இப்போது இதை மதுரைச் சமவெளிக்குக் கொண்டு வாருங்கள். நம் பக்கம் வில் இல்லாமல் இல்லை. நாணுக்கு அருமையான நாரும் இங்கே வேலியோரத்தில் வளர்கிறது: மருள், பழைய பெயர் மரல். வடமொழியில் மூர்வா. வில் நாணுக்கு அங்கே மௌர்வி என்ற பெயரே இந்தச் செடியில் இருந்து வந்தது. ஆங்கிலத் தாவர நூல்களும் இதை 'இந்திய வில் நாண் சணல்' என்றே குறித்தன. (ஆபீஸ்களில் தொட்டியில் அழகுக்கு வைக்கும் ஸ்னேக் பிளான்ட் இதன் நெருங்கிய சொந்தம். நாண் ஆக வேண்டிய குடும்பம் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறது!) ஆனால் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நார் நாண் ஈரம் குடித்துத் தொய்யும். பசை வைத்து ஒட்டிய விற்களின் கதை இன்னும் மோசம், ஈரத்தில் ஒட்டு விட்டுப் போகும். இந்தியாவில் எஃகிலேயே வில் செய்யப் போனதற்கு இந்த ஈரமும் ஒரு காரணம். அது போக, உடை மரமும் காரையும் சூரையும் மண்டிய முள்ளுக் காட்டில் அம்பு போன இடத்தைத் தேடிப் பிடிப்பது லேசா?

வளரிக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. நாண் இல்லை, இறகு இல்லை, பசை இல்லை, ஜோடி சேர்க்க வேண்டிய அம்பு இல்லை. ஒரே ஒரு வளைந்த மரத்துண்டு. நனைந்தால் துடைத்துக் கொள்ளலாம்.

அந்த மரத்துண்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் செய்முறையின் பாதி இருக்கிறது. நேரான பலகையில் பிறை வரைந்து அறுத்து எடுத்தால் பார்க்க வளரி மாதிரிதான் இருக்கும். ஆனால் மரத்தின் ரேகை நேராக ஓடுவதால் வளைவு வருகிற இடத்தில் ரேகை குறுக்கே வெட்டுப்படும். முதல் கல்லில் மோதியதும் அங்கேயே படக்கென்று முறியும். ரேகையும் வளைந்து ஓட வேண்டும். அதற்கு இயற்கையிலேயே வளைந்த கிளையோ, கிளை பிரியும் இடமோ, வேரோ வேண்டும். கிராமத்து ஆசாரிகளுக்கு இந்தக் கண் நன்றாகவே உண்டு, ஏனென்றால் நாட்டுக் கலப்பையும் இப்படித்தான் செய்யப்படும். கருவேல மரத்தைச் சுற்றி வந்து, எந்தக் கிளையில் கலப்பை ஒளிந்திருக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் இறக்குவார்கள். கருவேலம், உசில், கருங்காலி, பாலை என்று வைரம் பாய்ந்த மரங்களுக்கு இந்த வறண்ட பூமியில் பஞ்சமே இல்லை. உசிலம்பட்டி என்ற ஊர்ப் பெயரிலேயே உசில் நிற்கிறது.

மீதி வேலை வாய்ச்சியும் உளியும் பொறுமையும். நிழலில் மெதுவாகக் காய வேண்டும், வெயிலில் போட்டால் வெடிக்கும். இளம் பட்டைப் பகுதியைச் செதுக்கித் தள்ளி வைரத்தை மட்டும் வைத்துக் கொள்ள வேண்டும். பிடியை நோக்கி மெலிய மெலியச் செதுக்கி, எடையை மறுமுனைக்குத் தள்ள வேண்டும். வெளி விளிம்பைக் கூர்மையாக்க வேண்டும். விரலில் வைத்துப் பார்த்தால் சமநிலைப் புள்ளி நடுவில் இல்லாமல் கனத்த முனைப் பக்கம் விழும். ஒரு திறமையான ஆசாரி இதைச் செய்ய வாரக் கணக்கில் உட்கார வேண்டியதில்லை.

அதாவது வில்லில் அறிவின் பெரும்பகுதி பொருளுக்குள்ளேயே இருக்கிறது. நல்ல வில்லும் பொருந்திய அம்பும் ஒருவரிடம் கிடைத்து விட்டால், சுமாரான ஆள் கூட சில மாதப் பழக்கத்தில் முயலை நோக்கி விடலாம். வளரியில் பொருளுக்குள் இருப்பது கொஞ்சம். தோளிலும் மணிக்கட்டிலும் இருப்பதே அதிகம். மெல்லிய முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சில சுற்று சுற்றி வேகம் ஏற்றி, குறியை நோக்கி விட வேண்டும் என்று எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஜாதிகள் பற்றிய பெரிய தொகுப்பில் ஒரு குறிப்பு இருக்கிறது. சரி, எத்தனை சுற்று? குறி இருபது அடியில் இருந்தால் எப்படி, இருநூறு அடியில் இருந்தால் எப்படி? அதை அப்பா மகனுக்குக் கம்மாக்கரையில் வைத்துச் சொல்லிக் கொடுப்பார். தாளில் ஏறவில்லை.

இப்படிப்பட்ட ஆயுதத்துக்கு ஏற்ற களம் குறுகிய காட்டுப் பாதை. 1755இல் கர்னல் அலெக்சாண்டர் ஹெரான் என்பவர் மதுரைப் பக்கம் வரி வசூலுக்குப் படையோடு வந்தார். மதுரை அருகே கோயில்குடிக் கோயிலின் விக்ரகங்களை அள்ளிக் கொண்டு வடக்கே நத்தம் கணவாய் வழியாகத் திரும்பினார். கணவாய்க்குள் கள்ளர் படை மறைந்திருந்து விழுந்தது. மூட்டை முடிச்சுகள் சிதறின, விக்ரகங்கள் மீட்கப்பட்டன. பீரங்கி வைத்திருந்த படைக்கு அந்தப் புதருக்குள் எதிரி எங்கே என்றே தெரியவில்லை. ஹெரான் பிறகு ராணுவ விசாரணைக்கு ஆளாகி வேலையை இழந்தார். பாளையக்காரர் போர்கள் முழுக்க இதே கதைதான் திரும்பத் திரும்ப நடந்தது. திறந்த வெளியில் கும்பெனி ஜெயிக்கும், காட்டுக்குள் திணறும். அந்தப் போர்களில் வளரிக்குப் பெரிய பங்கு இருந்தது என்று மக்கள் சொல்லி வந்ததைத் தர்ஸ்டனின் தொகுப்பும் பதிவு செய்கிறது.

1801 அக்டோபர் 1 அன்று காளையார்கோவில் விழுந்தது. அதே மாதம் 24 அன்று திருப்பத்தூர்த் தூக்கு. அடுத்த வருடத் தொடக்கத்தில், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். இடையில் 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் (ராபர்ட் கிளைவின் மகன்) ஒரு பிரகடனம் வெளியிட்டார். சண்டையில் சேர்ந்தவர்களுக்கு மன்னிப்பு, ஆனால் பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்படும், மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும்.

கோட்டையை இடிக்கலாம். துப்பாக்கியை எண்ணி வாங்கலாம். வளைந்த தடியை எப்படிப் பறிமுதல் செய்வது? கலப்பை செய்கிற ஆசாரி இருக்கும்வரை, கருவேல மரம் இருக்கும்வரை, இன்றைக்குப் பறித்தால் நாளைக்கு இன்னொன்று தயார். தடையால் வளரி அழிந்தது என்று ஒரே வரியில் எழுதி விட்டுப் போகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

உண்மையில் மாறியது ஆட்களின் பிழைப்பு. 1803இல் பாளையங்கள் நிரந்தர ஜமீன்களாக ஆக்கப்பட்டன. ஜமீன்தார் வரி கட்டினால் போதும், படை வைத்திருக்க வேண்டியதில்லை, வைத்திருக்கவும் கூடாது. பாளையக்காரருக்குப் படைக்குப் போவதும் ஊர்க் காவல் பார்ப்பதும் தொழிலாக, மானியமாக, மரியாதையாக இருந்த குடும்பங்கள் ஒரே தலைமுறையில் அந்தத் தொழில் இல்லாமல் நின்றன. தினமும் காலையில் கம்மாக்கரையில் எறிந்து பழக ஒருவனுக்குக் காரணம் வேண்டுமே! முயல் அடிக்க அவ்வளவு துல்லியம் தேவையில்லை. நூறு கஜத்துக் குறி ஐம்பது கஜமாகி, இருபதாகி இருக்கும். யாரும் தடுக்காமலே ஒரு வித்தை சுருங்கிப் போகும் வழி இது.

இதற்கு ஒரு சாட்சி உண்டு. புதுக்கோட்டை. அங்கே தொண்டைமான்கள் கும்பெனியோடு நின்றார்கள், அதனால் 1948இல் இந்தியாவோடு இணையும் வரை தனிச் சமஸ்தானமாகவே இருந்தார்கள். பாளையங்களுக்கு நேர்ந்தது அங்கே நேரவில்லை. அப்படியானால் அங்கேயாவது வீச்சு உயிரோடு இருந்திருக்க வேண்டும் அல்லவா? தர்ஸ்டனுக்குப் புதுக்கோட்டையில் இருந்து போன குறிப்பு என்ன சொல்கிறது என்றால், அந்தத் திறமை உள்ளவர்கள் இப்போது சமஸ்தானத்தில் யாரும் இல்லை, எப்போதாவது முயலுக்கும் காட்டுக் கோழிக்கும் எடுக்கிறார்கள். மற்றபடி வளரி பூஜை அறையில் பழைய ஆயுதங்களோடு இருக்கிறது, ஆயுத பூஜைக்கு எடுத்துச் சுரண்டித் துடைத்து மறுபடி வைத்து விடுகிறார்கள். நூறு வருடத்தில் இவ்வளவு. தடை இல்லாத இடத்திலும் வீச்சு போய் விட்டது, ஏனென்றால் போர்கள் போய் விட்டன.

பொருள் மட்டும் பிடிவாதமாக நின்றது. அதே தொகுப்பில் கள்ளர் கல்யாணங்களில் வளைதடி மாற்றிக் கொள்ளும் வழக்கம் வருகிறது. மாப்பிள்ளை வீட்டில் இருந்து தடியை அனுப்பிப் பெண்ணை அழைத்துக் கொள்வது என்பது பழமொழி அளவுக்குப் பழகிப் போன பேச்சு. எறிவதற்கு யாருக்கும் தெரியாத தடி, சம்பந்தத்துக்குச் சாட்சியாக நின்றது. தந்த வளரியும் இந்த வரிசையில்தான் சேரும் என்று தோன்றுகிறது. யானைத் தந்தத்தை முள்ளுக் காட்டுக்குள் யார் எறிவார்கள்? அது கையில் வைத்துக் கொண்டு உட்காருவதற்கான பொருள்.

இருபதாம் நூற்றாண்டில் பிரமலைக் கள்ளர் மேல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. கைரேகை வைக்க வேண்டும், இரவில் ஊரை விட்டு வெளியே போனால் கேள்வி. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் நீங்கியது. ராத்திரி காட்டுக்குப் போவதே குற்றமாகிப் போன ஊர்களில் வேட்டைத் தடிக்கு என்ன இடம் இருந்திருக்கும்? சுதந்திரத்துக்குப் பிறகு 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே நிறுத்தியது. அது வேண்டிய சட்டம்தான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இங்கே இன்னொரு வாத்தியார், இன்னொரு மாணவர் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1911இல் கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊருக்கு அருகே ஒரு மனிதர் தன்னந்தனியாகக் காட்டை விட்டு வெளியே வந்தார். யாஹி இனத்தின் கடைசி ஆள். அவர் கூட்டம் முழுக்க வெள்ளைக் குடியேறிகளால் அழிக்கப்பட்டிருந்தது. இஷி என்று அவரை அழைத்தார்கள், அவர்கள் மொழியில் 'மனிதன்' என்று பொருள். சான்பிரான்சிஸ்கோவில் ஒரு மியூசியத்தில் தங்க வைத்தார்கள். பக்கத்தில் இருந்த மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சாக்ஸ்டன் போப் அவருக்கு வைத்தியம் பார்க்கப் போய், அவரிடமே வில் வித்தைக்கு மாணவராகி விட்டார்.

இஷி செய்ததும் குட்டை வில்தான். மலை ஜூனிபர் மரம், முதுகில் தசைநார். போப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறித்துக் கொண்டார். எந்த மரம், எப்போது வெட்டுவது, எப்படிக் காய வைப்பது, நார் எப்படி ஒட்டுவது, அம்பின் குச்சி எது, இறகு எத்தனை, நாணை எந்த விரலால் எப்படிப் பிடிப்பது, எப்படி நிற்பது. 1916இல் இஷி காசநோயில் இறந்தார். 1923இல் போப் வேட்டை வில்வித்தை பற்றி எழுதிய புத்தகத்தில் இதெல்லாம் வந்தது. இன்று உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அதைப் படித்து இஷியின் வில்லைச் செய்து, இஷியைப் போலவே நின்று எறிந்து பார்க்க முடியும். ஒரு இனமே அழிந்த பிறகும் அதன் வில் மிஞ்சியது!

சின்ன மருதுவின் மாணவர் 1861 வரை உயிரோடு இருந்தார். புத்தகம் வந்த பிறகு முப்பது வருடம். அவர் மேல் கோபப்படுவதா என்று தெரியவில்லை. தூக்கில் தொங்கிய மனிதரைக் கெட்டவர் என்று எழுதினால் பதவிக்கு நல்லது, ஆனாலும் அவர் அப்படி எழுதவில்லை. அவர் எழுதாமல் விட்டிருந்தால் சின்ன மருது வளரி கற்றுக் கொடுத்த செய்தியே நமக்கு எட்டியிருக்காது. ஆனால் இன்னும் ஒரே ஒரு பக்கம் எழுதியிருக்கலாமே, கையை எப்படி வைத்தார் என்று!

இப்போது மதுரை, சிவகங்கை வட்டாரத்துச் சிலம்பக் கூடங்கள் சிலவற்றில் வளரி வீச்சு கற்றுத் தருகிறார்கள். வீடியோக்களும் நிறைய உண்டு. பார்க்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். ஒருவர் கிடையாக விடுகிறார், இன்னொருவர் தலைக்கு மேல் இருந்து விடுகிறார், மற்றொருவர் உடம்போடு சேர்ந்து ஒரு சுற்று சுற்றி விடுகிறார். இதில் எது பழையது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. எழும்பூரிலும், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும், ஆக்ஸ்போர்டில் பிட் ரிவர்ஸ் மியூசியத்திலும் பழைய வளரிகள் இருக்கின்றன. அவற்றின் நீளம், எடை, வளைவின் கோணம், குறுக்குவெட்டு, சமநிலைப் புள்ளி இவற்றை அளந்து, அதே அளவில் வளைந்த ரேகை ஓடும் கருவேலத்தில் நாலு துண்டு செய்து, ஒரு அறுவடை முடிந்த வயலில் நின்று மூன்று விதமாகவும் நூறு நூறு தடவை எறிந்து தூரத்தைக் குறிக்கலாம். எந்த வீச்சில் தடி கவிழாமல் நேராகப் போகிறதோ, அதைப் பழைய கைகளும் கண்டுபிடித்திருக்கும் என்று எடுத்துக் கொள்வதில் தப்பில்லை. இஞ்சினியரிங் மாணவர்களுக்கு இதை விட நல்ல பைனல் இயர் பிராஜெக்ட் கிடைக்குமா என்ன? வயலுக்குச் சொந்தக்காரரிடம் மட்டும் முதலில் கேட்டு விடுங்கள், எறிகிற திசையில் ஆடு மாடு ஆள் யாரும் இல்லை என்று பார்த்துக் கொள்ளுங்கள். திரும்பி வராத ஆயுதம் அது.